பழைய மினியில் மாற்று ஆட்டோமேட்டிக் இன்ஜின்: இறக்குவது முதல் டியூனிங் வரை

மினி ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகிற அதே ஆயில்தான் டார்க் கன்வர்ட்டரை (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நிரப்புகிறது, கிளட்ச்சை அழுத்துகிறது, கியருக்கான பட்டையான பிரேக் பேண்டை இறுக்குகிறது. எந்தக் கியர் எப்போது விழ வேண்டும் என்பதில் கார்புரேட்டரின் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்று மடல்) கிக்டவுன் கம்பி என்ற ஒரு கம்பி வழியாகப் பங்கு உண்டு. ஆகவே இந்தக் காரில் "இன்ஜின் வேலை", "கியர் வேலை" என்று பிரித்துப் பார்க்க முடியாது. கார்பைத் தொட்டால் கியரையும் தொட்டதாகத்தான் கணக்கு. மாற்று யூனிட் போட்ட பிறகு வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி இதை மறந்ததால் வருவதுதான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959-ல் வந்தது. இன்ஜினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் ஆயில் தொட்டிக்குள்ளேயே அமைத்ததுதான் அந்தக் காரின் பெரிய புதுமை. 1965-ல், லெமிங்டன் ஸ்பா நகரத்தைச் சேர்ந்த ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் நிறுவனம் அதே குறுகிய இடத்துக்குள் நான்கு முன் கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்கை அடக்கிக் காட்டியது. சின்னக் கார்களில் ஆட்டோமேட்டிக்கே அபூர்வமாக இருந்த காலம் அது. பிரிட்டனில் இன்றும் இவை ஓடுகின்றன. இலங்கையிலும் மலேசியாவிலும் பழைய மினியைப் போற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. கீழே சொல்வதெல்லாம் 998 சிசி இன்ஜினும் ஒற்றை எஸ்.யூ. எச்.எஸ்.4 கார்புரேட்டரும் உள்ள மினியை வைத்து. உங்கள் இன்ஜின் எண்ணுக்கு உரிய பட்டறைக் கையேடும் பக்கத்தில் இருக்கட்டும். டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) டிகிரியும் போல்ட்டை இறுக்கும் டார்க் அளவும் மாடலுக்கு மாடல் மாறும்.

யூனிட்டைத் தேர்ந்தெடுப்பது

முதல் விதி: இன்ஜின், கியர்பாக்ஸ், கன்வர்ட்டர் மூன்றும் சேர்ந்த முழு யூனிட்டாக வாங்குங்கள். மேனுவல் மினியின் இன்ஜினை மட்டும் எடுத்து ஆட்டோ பாக்ஸின் மேல் உட்கார வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் வால்பகுதி வேறு, ஆயில் பம்ப் வேறு, ஃபில்டர் அமைப்பு வேறு. வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து.

மெட்ரோ ஆட்டோமேட்டிக்கின் 1275 சிசி யூனிட்டும் மினிக்குள் போகும். பலர் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் டிரைவ் ஷாஃப்ட் இணையும் முறை, மவுண்ட், பைனல் டிரைவ் விகிதம் எல்லாவற்றையும் உங்கள் காரோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். முதல் முறை செய்பவர்களுக்கு 998-க்குப் பதில் 998 போடுவதே நல்லது.

பழைய யூனிட் வாங்கினால் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். கருகிய வாடை அடித்தால் கிளட்ச்சோ பேண்டோ எரிந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தூள் இன்ஜின் பேரிங் வரை போயிருக்கும். அடுத்தது டிரெயின் பிளக்கில் உள்ள காந்தம். மாவு போன்ற கறுப்புப் படிவு இயல்பு. விரலில் தட்டுப்படும் இரும்புச் சில்லு இருந்தால் வேண்டாம். ஃபில்டரையும் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முடிந்தால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கும் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் ஹெட்டைத் திறக்காமல் காருக்குள் இறக்காதீர்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜினை மாற்றினால் புதிய இன்ஜின் எண்ணை டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து வாகனப் பதிவுச் சான்றில் திருத்த வேண்டும். வாங்கும்போதே ரசீதில் எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள்.

பழையதை வெளியே எடுப்பது

மினியில் இன்ஜினையும் பாக்ஸையும் ஒன்றாகவே மேலே தூக்கி எடுக்கலாம். எடை 150 கிலோவைத் தாண்டும். அதற்கு ஏற்ற செயின் பிளாக்கோ இன்ஜின் கிரேனோ வேண்டும். கயிறு, மரக்கிளை, நண்பர்களின் தோள் எதுவும் இதற்கு ஆகாது. தொங்கும் யூனிட்டுக்குக் கீழே கையோ தலையோ போகவே கூடாது.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பானெட் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது சிரமம் இருக்காது. கூலன்ட், ஆயில் இரண்டையும் வடியுங்கள். முன் கிரில், ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், த்ராட்டில் கேபிள், சோக் கேபிள் என்று வரிசையாக எடுங்கள். காயில், டைனமோ, ஸ்டார்ட்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர் சென்டர் ஆகியவற்றின் ஒயர்களுக்குக் காகிதச் சீட்டு ஒட்டி, போனில் படமும் எடுத்து வையுங்கள். எக்ஸாஸ்ட் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். இன்ஜின் மேலே உள்ள, அது ஆடாமல் பிடிக்கும் ஸ்டெடி பாரையும் எடுங்கள்.

காருக்கு அடியில் வேலை மூன்றுதான். டிரைவ் ஷாஃப்ட்டுகள் இந்த ஆட்டோ மினிகளில் ஃபிளேஞ்சில் நட்டுப் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். நட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட்டை ஒதுக்கிவிடலாம். கழற்றிய நட்டுகளைத் திரும்பப் போடாமல் புது நைலாக் நட்டு வாங்குங்கள். இரண்டாவது, கியர் செலக்டர் கேபிள். பாக்ஸின் பின்புறம் ஒரு தகடும் ரப்பர் உறையும் மூடியிருக்கும். அதற்குள் கேபிளின் இழுப்பைத் திசை திருப்பும் மடக்கு நெம்புகோலான பெல் கிராங்க் இருக்கிறது. மழைநீர் புகுந்து அந்தப் பின் துருப்பிடித்து இறுகிப்போவது இந்தக் காரின் பழைய வியாதி. கழற்றும்போதே அது எவ்வளவு லேசாகச் சுழல்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஸ்பீடோமீட்டர் கேபிள். யூனிட்டைச் சற்றே தூக்கிய பிறகு இதற்குக் கை எட்டும்.

சப்ஃபிரேமோடு (இன்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பிணைக்கும் இரண்டு மவுண்டுகளின் போல்ட்டையும் எடுத்துவிட்டு, ஒருவர் கிரேனை இயக்க இன்னொருவர் யூனிட்டைக் கையால் வழிநடத்த மெல்ல மேலே எடுங்கள்.

உள்ளே இறக்கும் முன்

இங்கே அவசரப்படாதீர்கள். யூனிட் தரையில் இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, காருக்குள் போன பிறகு ஒரு நாளைத் தின்றுவிடும்.

கன்வர்ட்டர் பக்கத்து ஆயில் சீல்தான் முதல் கவலை. ஹவுசிங்கின் அடியில் ஈரம் தெரிந்தால் இப்போதே மாற்றுங்கள். கன்வர்ட்டரை உருவ அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது. ஹவுசிங்கைத் திரும்ப மாட்டும்போது சீலின் உதடு கிழியாதபடி மெல்லிய உறை ஒன்றைப் போட்டு ஏற்ற வேண்டும். கன்வர்ட்டர் நடு போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். 110 பவுண்டு அடிக்கு மேல் கேட்கும் போல்ட் அது. கைக்கணக்கு போதாது.

மவுண்ட் ரப்பர், ஸ்டெடி பார் புஷ் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் யூனிட் ஒரு குலுக்குக் குலுக்கும். புஷ் தேய்ந்திருந்தால் அந்தக் குலுக்கல் நேரே எக்ஸாஸ்ட் இணைப்புக்குப் போய் அங்கே விரிசல் விடும். செலவு சொற்பம், பலன் பெரிது.

செலக்டர் பெல் கிராங்கைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, ரப்பர் உறையைப் புதிதாக மாட்டுங்கள். பழைய காரில் உள்ள கேபிளின் உள்கம்பி கரகரத்தால் அதையும் மாற்றுங்கள். டேப்பெட் கிளியரன்ஸையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) இப்போதே பாருங்கள். இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர்.

பழைய ஹெட்டாக இருந்தால் இன்னொன்று கேட்க வேண்டும்: எக்ஸாஸ்ட் வால்வு சீட் கடினப்படுத்தியதா? பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 முடிவோடு நின்றுவிட்டது. சாதாரண சீட் உள்ள ஹெட்டை ஈயமற்ற பெட்ரோலில் விரட்டினால் வால்வு சீட்டுக்குள் அமிழ்ந்து கிளியரன்ஸ் குறைந்துகொண்டே போகும். ஹெட் கழற்றியிருக்கும்போதே கடின சீட் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரிப்பதால் பெட்ரோல் குழாய்களையும் அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

பொருத்துவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். ஸ்பீடோ கேபிளை மட்டும் யூனிட் முழுதாக உட்காரும் முன்பே மாட்டிவிட வேண்டும். இரண்டு மவுண்ட் போல்ட்டுகளும் கையால் சுழன்று உள்ளே போன பிறகே இறுக்கத் தொடங்குங்கள்.

ஆயில்

ஆட்டோமேட்டிக் என்றதும் கை தானாக ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) டப்பாவைத் தேடும். கூடாது. இந்த யூனிட்டுக்கு 20டபிள்யூ/50 இன்ஜின் ஆயில் மட்டும்தான். ஏ.டி.எஃப். ஊற்றினால் இன்ஜின் பேரிங் போய்விடும். மெல்லிய நவீன சிந்தெடிக் ஆயிலும் வேண்டாம். உராய்வைக் குறைக்கிறோம் என்று விற்கும் சேர்ப்புத் திரவங்கள் எதுவும் வேண்டாம். பேண்டும் கிளட்ச்சும் வேலை செய்வதே உராய்வால்தான். அதை வழுக்கவிட்டால் கியர் வழுக்கும். பழைய கார்களுக்கென்று விற்கும், துத்தநாகச் சேர்மம் போதுமான அளவுள்ள மினரல் ஆயிலே கேம் ஷாஃப்டுக்கும் நல்லது.

சாதாரண ஆயில் மாற்றத்துக்குச் சுமார் 5 லிட்டர் பிடிக்கும். பிரித்துக் கட்டி முழுக்கக் காய்ந்திருக்கும் யூனிட் என்றால் கன்வர்ட்டரும் சேர்ந்து குடிக்கும். 7 லிட்டருக்கு மேல் போகும். அதனால் முதல் தடவை டிப்ஸ்டிக் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. இப்படிச் செய்யுங்கள்: முதலில் 5 லிட்டர் ஊற்றுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பம்ப் பிடிக்க மறுத்தால், பிரஷர் சுவிட்ச் துளை வழியாக ஆயில் கேனால் கேலரிக்குள் (இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழி) ஆயிலைச் செலுத்திவிட்டு மறுபடி சுற்றுங்கள். பிரஷர் வராமல் இன்ஜினைக் கிளப்பவே கூடாது.

கிளம்பிய பிறகு ஓரிரு நிமிடம் ஓடட்டும். நிறுத்தி, ஒரு நிமிடம் காத்திருந்து டிப்ஸ்டிக் பாருங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருக்கும். நிரப்புங்கள், மறுபடி ஓட்டிப் பாருங்கள். மட்டம் நிலைக்கும் வரை இதைத் தொடருங்கள். குறைந்தால் எல்லாக் கியரும் வழுக்கும். கூடினால் நுரைத்து அதுவும் வழுக்கலில்தான் முடியும்.

கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் புதிது என்றால், ஆயில் மட்டம் சரியானதும் நியூட்ரலில் வைத்து 2000 ஆர்.பி.எம். அளவில் சுமார் 20 நிமிடம் ஓட்டுங்கள். ஸ்லோவில் விட்டால் கேம் முனைகளுக்கு ஆயில் தெறிப்பது போதாது. இந்த நேரத்தில் கசிவையும் டெம்பரேச்சர் முள்ளையும் விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

டியூனிங்: வரிசை மாறக் கூடாது

டேப்பெட், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுமுனை), டைமிங், கார்புரேட்டர், பிறகு கிக்டவுன் கம்பி. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. டைமிங் தப்பாக இருக்கும்போது கார்பில் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருகிச் சரிக்கட்டினால் ஐடிலிங் (பெடலை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) சரியாக இருப்பதுபோல் தோன்றும். கிக்டவுன் கம்பியையும் அந்தத் தப்பான நிலைக்கே அளந்து வைத்துவிடுவீர்கள். பிறகு கியர் விழும் வேகம் எல்லாமே பிசகும்.

பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பதே முதல் சிலிண்டர். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்.

மேனுவல் மினியில் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் இன்ஜின் சுழலும். இதில் அந்த வசதி கிடையாது. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுங்கள். இல்லையென்றால் கன்வர்ட்டர் ஹவுசிங்கில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு ரிங் கியரை நெம்பிச் சுற்றுங்கள். டைமிங் குறிகள் கன்வர்ட்டரிலேயே இருக்கும். சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்தால்தான் தெரியும். குறிகளின் மேல் வெள்ளை பெயிண்ட் தொட்டு வைத்தால் ஸ்ட்ரோப் விளக்கில் பளிச்சென்று தெரியும். வேக்குவம் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் மாடலுக்குக் கையேடு சொல்லும் டிகிரிக்கு வையுங்கள். 1969-க்கு முந்தைய மினிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட நினைப்பவர்கள் அதைப் பார்த்து வாங்க வேண்டும். மாற்றி இணைத்தால் அந்த நொடியே எரிந்துவிடும்.

இனி எஸ்.யூ. கார்புரேட்டர். மேல் கிண்ணத்தையும் பிஸ்டனையும் கழற்றிப் பெட்ரோலால் கழுவி, உலரவைத்து, ஆயில் படாமல் மாட்டுங்கள். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி "டக்" என்று உட்கார வேண்டும். டாம்பரில் (பிஸ்டன் தண்டுக்குள் உள்ள, அதன் அசைவைத் தணிக்கும் பாகம்) மட்டும் ஆயில் ஊற்றுங்கள். பிஸ்டனில் இருந்து ஜெட்டுக்குள் இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசியில், 998 ஆட்டோமேட்டிக்குக்கான சாதாரண ரகம் ஏ.சி. என்று குறிக்கப்பட்டது. வாங்கிய யூனிட்டில் வேறு ஊசி இருந்தால் மாற்றிவிடுங்கள். த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால் அங்கே காற்று இழுக்கும். எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. அந்தக் கார்பை முதலில் ரிப்பேர் செய்யுங்கள்.

தொடக்க நிலைக்கு ஜெட் நட்டை மேலே திருகி, ஜெட்டின் விளிம்பைப் பாலத்தோடு (கார்பின் காற்றுவழியில் ஜெட் நிற்கும் மேடு) சமமாக்குங்கள். அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் லிஃப்டிங் பின்னால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிக் காதைக் கொடுங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, கீழே இறக்குங்கள். ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பட்டைக்கு மேல் திருகாதீர்கள்.

ஐடிலிங் 650 ஆர்.பி.எம். பக்கம் நிற்கட்டும். கூடுதலாக இருந்தால் டிரைவில் போட்டதும் கார் குதிக்கும், பிரேக்கை மீறி நகரப் பார்க்கும். குறைவாக இருந்தால் டிரைவில் போட்டதும் அணையும்.

கிக்டவுன் கம்பியும் செலக்டர் கேபிளும்

கார்பில் ஐடிலிங் இறுதியாக நிலைத்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். பாக்ஸில் உள்ள கவர்னர் காரின் வேகத்தைப் பார்க்கிறது, இந்தக் கம்பி உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்தே கியர் விழும் நேரத்தை முடிவு செய்கின்றன.

இன்ஜினை நிறுத்துங்கள். கார்புரேட்டர் பக்கம் கம்பியின் நுனியைக் கழற்றுங்கள். பாக்ஸின் பக்கத்தில் இந்தக் கம்பிக்கென்றே உள்ள பெல் கிராங்கில் ஒரு துளை இருக்கும். அதற்கு நேரே கேஸிலும் ஒரு துளை. கால் அங்குல (சுமார் 6.4 மில்லிமீட்டர்) கம்பித் துண்டை இரண்டிலும் சேர்த்துச் செருகுங்கள். இப்போது பெல் கிராங்க் பூட்டிக்கொண்டது. த்ராட்டில் முழுவதும் ஐடிலிங் நிலையில் இருக்கும்போது, கம்பியின் நுனி இழுக்காமல் தள்ளாமல் தானாகப் பொருந்தும் நீளத்துக்குத் திருகி அமைத்து லாக் நட்டை இறுக்குங்கள். செருகிய துண்டை மறக்காமல் உருவிவிடுங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொட்டால் இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

செலக்டருக்குச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்புங்கள். ரிவர்ஸில் போடுங்கள். லீவரை மெல்ல நியூட்ரல் பக்கம் நகர்த்துங்கள். லீவர் நியூட்ரல் பள்ளத்தில் விழும்போதோ அதற்குச் சற்று முன்போ கியர் விடுபட வேண்டும். முதல் கியர் பக்கமிருந்தும் அதேபோல் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்வரை கேபிள் நட்டைத் திருத்துங்கள். இந்தப் பாக்ஸில் பார்க்கிங் நிலை கிடையாது. ஹேண்ட் பிரேக்தான் காரை நிறுத்தி வைக்கும். ஆகவே அதன் கேபிளையும் இதே சமயத்தில் சரிபார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் நியூட்ரலில் மட்டும் சுழல வேண்டும். வேறெந்த நிலையில் சுழன்றாலும் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்சைச் சரிசெய்யாமல் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

ரோட்டில்

காலியான சமதள ரோட்டில், லேசான காலழுத்தத்தில் கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் முன்போ தொட்ட சமயத்திலோ நாலாவது கியர் விழுந்திருக்க வேண்டும். பெடலை அடிவரை அழுத்தினால் நாலாவது விழ 80-ஐத் தாண்டும். புது இன்ஜினில் இந்த இரண்டாவது சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

லேசாக அழுத்தும்போதே கியர் தாமதமாக விழுந்தால் முதலில் கிக்டவுன் கம்பியைப் பாருங்கள். டிரைவில் ஏறவே மறுத்து, கையால் போட்டால் மட்டும் கியர் மாறினால் கவர்னர் சிக்கியிருக்கலாம். வழுக்கல் எந்தக் கியரில் என்பதே பாக்ஸுக்குள் என்ன என்று சொல்லிவிடும். முன் கியர் நான்கும் வழுக்கி ரிவர்ஸ் நன்றாக இருந்தால் ஃபார்வர்ட் கிளட்ச். நாலாவதும் ரிவர்ஸும் மட்டும் வழுக்கினால் அவை இரண்டுக்கும் பொதுவான கிளட்ச். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மட்டும் என்றால் அந்தந்தக் கியரின் பேண்ட். எல்லாமே வழுக்கினால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பெரும்பாலும் ஆயில் மட்டம்தான்.

ஸ்டால் சோதனை என்று பிரேக்கை அழுத்திக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பது ஒன்று உண்டு. கன்வர்ட்டரின் நிலையை அது துல்லியமாகக் காட்டும். ஆனால் பத்து வினாடிக்கு மேல் போனால் ஆயில் கொதித்துவிடும். இன்ஜின் பழகிய பிறகு, சந்தேகம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வழியில் கார் நின்றுபோனால் முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்ல விடாதீர்கள். முன்பக்கத்தைத் தூக்கியே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

முதல் 500 மைலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பேண்டும் கிளட்ச்சும் படியும்போது உதிரும் தூள் அத்தனையும் அந்த ஆயிலில்தான் இருக்கிறது. அன்றைக்கே குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளை வரிசைப்படி டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்து, டேப்பெட்டை மறுபடி அளந்து, ஐடிலிங்கையும் கிக்டவுன் கம்பியையும் இன்னொரு தடவை ஒத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு 3000 மைலுக்கும் ஆயிலை மாற்றுங்கள். வடிக்கும் ஒவ்வொரு தடவையும் டிரெயின் பிளக் காந்தத்தைத் துடைக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.